ஏகபோகம் வேறு, ஏகபோக உரிமை வேறு

தமிழ் நாளிதழ்களின் வணிகப் பக்க ஆசிரியர்களுக்கு,

வணக்கம். ஒரு நிறுவனம் விற்பனையில் முதலிடத்துக்கு வந்ததுமே ‘ஏகபோக உரிமை பெற்றது’ என்று தலைப்பு வைத்துவிடுகிறீர்கள். அதில் இரண்டு பிழை. முதலிடம் ஏகபோகம் ஆகாது. ஏகபோகமே ஆனாலும் அது உரிமை ஆகிவிடாது.

போகம் என்றால் அனுபவிப்பு. தஞ்சை வட்டாரத்தில் மிராசு கிராமங்களை, அதாவது பரம்பரை நில உரிமையுள்ள ஊர்களை, அந்தக் காலத்தில் மூன்று வகையாகச் சொன்னார்கள். ஊர் முழுவதும் ஒருவர் கையில் இருந்தால் ஏகபோகம். பலர் பங்கு பிரித்துத் தனித்தனியே வைத்திருந்தால் பலபோகம். பிரிக்காமல் பொதுவில் வைத்திருந்தால் சமுதாயம். சோழர் காலத்தில் ஒரே பிராமணருக்குக் கொடுத்த ஊர் ஏகபோக பிரமதேயம். அனுபவிப்பவர் ஒருவரே என்பதுதான் இச்சொல்லின் உயிர். பத்தில் ஆறு பங்கு விற்பவரைக் குறிக்க இது உதவாது. அவருக்கு ‘ஆதிக்க நிலை’ போதும்.

‘உரிமை’ எப்போது சேரும்? மற்றவரை விலக்கிச் சட்டம் ஒருவருக்கே கொடுத்திருந்தால் சேரும். தமிழ்நாட்டில் சில்லறை மதுக்கடை நடத்துவதில் 2003 முதல் டாஸ்மாக்குக்கு இருப்பது ஏகபோக உரிமை. புதிய கண்டுபிடிப்புக்குக் கிடைக்கும் காப்புரிமையும் அந்த வகைதான். விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. மலைக் கிராமத்தின் ஒரே மளிகைக்கடைக்கு இருப்பதோ வெறும் ஏகபோகம். நாளைக்கே எதிரில் ஒருவர் கடை போட்டால் தடுக்க முடியாது.

பாடநூல்களின் ‘முற்றுரிமை’ பழகிப்போன கலைச்சொல். அதை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் அது பெயர்க்கும் ‘மோனோபொலி’ (monopoly) என்ற ஆங்கிலச் சொல்லின் கிரேக்க வேர்களில் ‘தனி’, ‘விற்பது’ என்பவைதான் உண்டு, உரிமை என்ற சொல் இல்லை. தமிழில் உரிமை ஒட்டிக்கொண்டதால்தான், விற்பவர் சிலரே உள்ள சந்தைக்கு ‘சில்லோர் முற்றுரிமை’ என்று முரணான தொடரெல்லாம் வந்தது. சில பேருக்கு எப்படி முற்றும் உரிமையாகும்? ‘தனியுரிமை’யை இந்தப் பொருளில் எழுதவே வேண்டாம். அந்தரங்கத்தைக் குறித்து அது ஊன்றிவிட்டது.

வழக்குச் செய்திகளில்தான் சேதம் அதிகம். 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு தடுப்பது ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதை. பெரிதாக வளர்வதை அல்ல. ‘ஏகபோகத்துக்கு அபராதம்’ என்று போட்டால் வளர்ந்ததே குற்றம் என்று வாசகர் புரிந்துகொள்வார்.

தலைப்பு வைக்குமுன் மூன்றைப் பாருங்கள்: எந்தச் சரக்கு, எந்த எல்லைக்குள், மற்றவரை விலக்குவது எது. மூன்றாவதற்குச் சட்டமோ உரிமமோ பதிலாக வராவிட்டால் ‘உரிமை’யை அடித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பொருளியல் மொழிபெயர்ப்பில் ஈடுபட்டுள்ளோர்