நேபாளத்தில் நடந்தது இன்னொரு உள்நாட்டுப் போர் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நேபாளத்தில் 2025 செப்டம்பரில் நடந்த இளைஞர் போராட்டத்தையும் 1996 முதல் 2006 வரை அங்கே நடந்த உள்நாட்டுப் போரையும் ஒப்பிட்டு உங்கள் நடுப்பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். அன்று கிராமத்து இளைஞர்கள், இன்று நகரத்து இளைஞர்கள், மற்றபடி இரண்டும் ஒன்றுதான் என்கிறார் கட்டுரையாளர். எனக்கு அது சரியாகப் படவில்லை. வடபழனியில் சின்னதாக ஒரு டிபன் கடை நடத்துகிறேன். என் கடை மாஸ்டர், மாவோயிஸ்ட் போர் வெடித்த ரோல்பா மாவட்டத்துக்காரர். அவருக்கு உதவியாக வேலை செய்யும் பையனுக்கு ஊர் நேபாளத்தின் இட்டஹரி. போர் முடிந்தபோது அவன் கைக்குழந்தை. இருவரும் சொல்லக் கேட்டதையும், அதற்குப் பிறகு நானாகத் தேடிப் படித்ததையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தப் போர் திட்டம் போட்டுத் தொடங்கிய போர். மாவோயிஸ்டுகள் 40 கோரிக்கைகளை எழுதி, அப்போதைய பிரதமர் ஷேர் பகதூர் தேவுபாவிடம் கொடுத்துக் கெடு வைத்தார்கள். கெடு முடியும் முன்பே, 1996 பிப்ரவரி 13 அன்று, போலீஸ் சாவடிகளைத் தாக்கினார்கள். கட்சி இருந்தது, கட்சிக்குப் படை இருந்தது, படைக்குத் தளபதிகள் இருந்தார்கள். பிடித்த மலைப் பகுதிகளில் தனி நீதிமன்றம், தனி வசூல் எல்லாம் நடந்தது. வீட்டுக்கு ஒரு ஆள் அனுப்பச் சொன்னார்கள். மாஸ்டர் வீட்டில் அண்ணன் போனார். ராத்திரி அவர்கள் வந்து சோறு கேட்பார்களாம். விடிந்ததும் ராணுவம் வந்து, ஏன் சோறு போட்டாய் என்று அடிக்குமாம். அடுத்து தன் முறை என்று தெரிந்ததும் மாஸ்டரை அவர் அப்பா இந்தியாவுக்கு பஸ் ஏற்றிவிட்டார். அண்ணன் என்ன ஆனார் என்று இன்று வரை தெரியாது. அந்தப் பத்து வருடத்தில் செத்தவர்கள் சுமார் 17,000 பேர். காணாமல் போனவர்கள் 1,300 பேருக்கும் மேல்.

செப்டம்பரில் நடந்தது வேறு. 4ஆம் தேதி வாட்ஸ்ஆப், பேஸ்புக், யூடியூப் உட்பட 26 தளங்களை அரசு முடக்கியது. பிள்ளைகள் போன் பார்க்க முடியாத கோபத்தில் தெருவுக்கு வந்தார்கள் என்று என் கடைக்கு டீ குடிக்க வருகிறவர்களே பேசினார்கள். ஆனால் வீட்டுக்கு வீடு ஒருவர் வெளியூரிலோ வளைகுடாவிலோ உழைத்து அனுப்பும் பணத்தில் ஓடுகிற நாடு அது. குடும்பத்தோடு பேச அவர்களுக்கு இருப்பது அந்த போன் ஒன்றுதான். முடக்கிய அன்று எங்கள் அடுப்படியே கலங்கிப்போனது. டிக்டாக்குக்கு அங்கே தடை இல்லை, ஆனால் இங்கே 2020லேயே தடை செய்துவிட்டோம். கடைசியில் வைபர் என்ற செயலி அங்கே வேலை செய்கிறது என்று யாரோ சொல்லி, பையன் அதை இறக்கினான். அதன் வழியாகத்தான் 8ஆம் தேதி அவன் தங்கச்சி, தான் ஊர்வலத்துக்குப் போவதாகச் சொன்னாள். ஊழல், அரசியல்வாதிகளின் வாரிசுகள் வாழும் ஆடம்பரம் என்று அவர்களுக்குப் பல நாள் ஆத்திரம் இருந்தது. தடை அதைக் கிளப்பிவிட்டது.

அன்று ஒரே நாளில் 19 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். காட்மாண்டுவில் 17 பேர், இட்டஹரியில் 2 பேர். மறுநாள் நாடாளுமன்றம், அரசுத் தலைமைச் செயலகமான சிங்க தர்பார், உச்ச நீதிமன்றம் எல்லாம் எரிந்தன. பிரதமர் ஒலி பதவி விலகினார். 12ஆம் தேதி முன்னாள் தலைமை நீதிபதி சுசீலா கார்க்கி இடைக்காலப் பிரதமர் ஆனார். தங்கச்சி பத்திரமாக இருக்கிறாள்.

பையன் இதையெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது மாஸ்டர் என்னிடம் சொன்னார்: "அன்னைக்குத் துப்பாக்கி எடுத்தவங்க யாருன்னு எங்க ஊருக்கே தெரியும் அக்கா. இப்போ தீ வெச்சது யாருன்னு யாருக்குத் தெரியும்?" கட்டுரையாளர் விட்டுவிட்ட வித்தியாசம் இதுதான் என்று நினைக்கிறேன். போரில் இரண்டு பக்கமும் பொறுப்பான ஆட்கள் இருந்தார்கள். அதனால்தான் 2006 நவம்பர் 21 அன்று பிரதமர் கிரிஜா பிரசாத் கொய்ராலாவும் மாவோயிஸ்ட் தலைவர் பிரசண்டாவும் உட்கார்ந்து அமைதி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட முடிந்தது. ஐ.நா. வந்து முகாம்களில் 19,602 போராளிகளைச் சரிபார்த்துப் பதிவு செய்தது. செப்டம்பரில் யாரை உட்கார வைப்பது? தலைவர் இல்லாத கூட்டம் சட்டென்று கூடும், ஆட்சியையும் கவிழ்க்கும், ஆனால் அதன் பெயரில் பேச ஒருவர் இருக்கமாட்டார். சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2017 ஜனவரியில் மெரினாவில் பார்த்தோம். அத்தனை நாள் அமைதியாக இருந்த கூட்டம், கடைசி நாளில் போலீஸ் கலைத்தபோது ஐஸ் ஹவுஸ் காவல் நிலையம் எரிந்தது. நேபாளத்தில் நடந்ததோ அதைவிடப் பல மடங்கு கொடுமை. ஆனாலும் இதைப் போர் என்று எழுதினால், ஆயுதம் இல்லாமல் வந்த பிள்ளைகளைச் சுட்டதற்கு அதுவே சமாதானம் ஆகிவிடும். எதிரில் ஒரு படை நின்றது என்ற எண்ணம் படிப்பவர் மனதில் தானாக வந்துவிடும்.

சரி, ஒப்பிடவே கூடாதா என்றால், ஒப்பிட வேண்டியது ஒன்று இருக்கிறது. 40 கோரிக்கைகளை வாங்கிய தேவுபாவின் வீட்டையும் எரித்தார்கள், போரை நடத்திய பிரசண்டாவின் வீட்டையும் விடவில்லை. போருக்குப் பிறகு இவர்களும் ஒலியும் மாறி மாறி நாற்காலியில் உட்கார்ந்தார்கள். காணாமல் போனவர்கள் கணக்கை மட்டும் யாரும் தீர்க்கவில்லை. உண்மை கண்டறிய ஒன்று, காணாமல் போனவர்களுக்கு ஒன்று என இரண்டு ஆணையங்கள் அமைத்ததே 2015ல்தான். அறுபதாயிரத்துக்கும் மேல் மனுக்கள் வந்தன. மாஸ்டரின் அப்பாவும் மலையிறங்கி மாவட்டத் தலைநகர் லிவாங் போய் மூத்த மகனுக்காக மனு கொடுத்தார். ஆணையர்கள் மாறினார்கள், பதில் வரவில்லை. அப்பா இப்போது இல்லை.

செப்டம்பர் துப்பாக்கிச் சூட்டை விசாரிக்க முன்னாள் நீதிபதி கௌரி பகதூர் கார்க்கி தலைமையில் ஒரு குழு போட்டார்கள். சுடச் சொன்னது யார், கட்டடங்களுக்குத் தீ வைத்தது யார் என்ற இரண்டுக்குமே பதில் வர வேண்டும். 2026 மார்ச் 5 அன்று தேர்தல் என்றும் அறிவித்தார்கள். அந்தச் சத்தத்தில் இந்த விசாரணை அமுங்கிப் போகலாம் என்பதுதான் என் பயம். போருக்குப் பிறகு அப்படித்தான் ஆனது. அந்தக் குழுவின் விசாரணை என்ன ஆனது, பழைய இரண்டு ஆணையங்களும் எந்த நிலையில் இருக்கின்றன என்று உங்கள் நிருபர்கள் தொடர்ந்து விசாரித்து எழுத வேண்டும். இந்த ஊரில் எத்தனையோ ஓட்டல் அடுப்படிகளிலும் வாட்ச்மேன் அறைகளிலும் அந்தச் செய்திக்குக் காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வடபழனி, சென்னை-26