பிரான்சின் லியோன் நகரத் திராபூல் வீடுகளில் குடியிருப்போருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

வீடுகளின் ஊடே ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்குப் போகும் நடைவழிதான் திராபூல். உங்கள் திராபூல்களின் தெருக்கதவுகளைப் பகலில் பூட்டிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளவே எழுதுகிறேன். கேட்க எனக்கு எந்த உரிமையும் இல்லை. அந்தக் கதவுகளுக்குள் ஒருமுறை நடந்தவன், அவ்வளவுதான்.

சான் ழான் தெருவில் 54ஆம் எண் கதவைத் தள்ளியபோது, யார் வீட்டுக்குள்ளோ நுழைகிறோமே என்று கூசியது. உள்ளே இருண்ட ரேழி. அதைத் தாண்டியதும் தலைக்கு மேல் ஒரு துண்டு வானம், கீழே முற்றம். பிறகு மீண்டும் இருட்டு, மீண்டும் முற்றம். யாரோ கொடியில் துணி உலர்த்தியிருந்தார்கள். எங்கிருந்தோ வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது. பழைய லியோனின் மிக நீளமான திராபூல் அது. பெஃப் தெருவின் 27ஆம் எண் வாசலில் வெளியே வந்ததும், திரும்ப உள்ளே போக வேண்டும் போலிருந்தது.

திரும்பினேன். அதற்குள் ஒரு சுற்றுலாக் குழு முற்றத்தை அடைத்துக்கொண்டு நின்றது. வழிகாட்டி ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தார். மேல்மாடியில் ஒரு சன்னல் படீரென்று சாத்தப்பட்டது. அந்தக் கோபம் முற்றிலும் நியாயமானது. பகலில் வழிவிடுவதற்காக நகராட்சி பராமரிப்புச் செலவில் பங்கு தருகிறது, சரி. தூக்கம் கெடுவதற்கு யார் ஈடு தருவது?

இருந்தும் கேட்கிறேன். பழைய லியோன் பகுதியின் ஊடே சாலை போடத் திட்டமிட்டபோது, ஊர்க்காரர்கள்தாம் எதிர்த்து நின்றார்கள். 1964இல் பிரான்சின் முதல் பாதுகாக்கப்பட்ட நகரப்பகுதியாக இது அறிவிக்கப்பட்டது; யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது 1998இல்தான். நகரின் இன்னொரு பகுதியான க்ருவா ரூஸ் குன்றின் திராபூல்களில் பட்டு நெசவாளர்கள் துணிச்சுமையோடு இறங்கினார்கள். 1831இல் கூலிக்காகக் கிளர்ந்தெழுந்தவர்களும் அவர்கள்தாம். குன்றின் மேல் நிற்கும் ஃபூர்வியேர் பசிலிக்காவை நகரின் எந்த மூலையிலிருந்தும் அண்ணாந்து பார்த்துவிடலாம். ஆனால் அந்த நெசவாளர்கள் நடந்த வழியில் நடக்க, நீங்கள் கதவைத் திறந்து வைத்திருக்க வேண்டும்.

குழுவுக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு வைக்க நகராட்சியை வற்புறுத்துங்கள். ஒலிபெருக்கியைத் தடுக்கச் சொல்லுங்கள். முற்றத்தில் பேசவே கூடாது என்று பலகை மாட்டுங்கள். வாய் திறக்காமல் நடக்கிறோம். பிற்பகலில் பூட்ட வேண்டுமானால் பூட்டிக்கொள்ளுங்கள். காலையிலாவது அந்த 54ஆம் எண் கதவு, தள்ளினால் திறக்கட்டும்.

நன்றியுடன்,
உங்கள் முற்றங்களைக் கடந்துபோன ஒருவன்