கல்யாண மண்டபத்தில் பார்த்த பெரியவருக்கு

போன ஞாயிறு காலை, வேலூர் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபத்தில் குதிரைத் தூணை வரைந்துகொண்டிருந்தேன். 1981 வரை மூலவரே இல்லாமல் இருந்த கோயில். என்னை வரைய இழுத்ததே இந்த விஜயநகரத் தூண்கள்தான். மூன்று வாரமாக அதே தூண். குதிரையின் முன்னங்கால் மட்டும் தாளில் தட்டையாகவே கிடந்தது.

பின்னால் நின்று பார்த்த நீங்கள், "தம்பி, கோடு அப்புறம். நிழல் எங்க விழுதுன்னு மொதல்ல பாருங்க" என்றீர்கள். கல் கொத்தின கையாம். விரலை உளி மாதிரி பிடித்து, காலுக்குப் பின்னால் எவ்வளவு ஆழம் குடைந்திருக்கிறார்கள் என்று காட்டினீர்கள். அங்கே அத்தனை இருட்டு! இத்தனை நாள் என் கண்ணில் படவே இல்லை.

அந்த இருட்டுக்குத்தான் முதலில் மசி வைத்தேன். கால் எழும்பிவிட்டது. பெயர் கேட்கத் திரும்பினால் நீங்கள் இல்லை. இன்னும் நாலு தூண் பாக்கி. ரொம்ப நன்றிங்க ஐயா.