நீலக்கல்லின் நிறத்தை எந்த வெளிச்சத்தில் பார்க்கிறோம்?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இதழில் அண்மையில் வெளியான இராசிக்கற்கள் பற்றிய கட்டுரை பல பயனுள்ள செய்திகளைத் தந்திருந்தது. எனினும், நீலக்கல்லின் நிறம் எவ்வளவு கடுமையாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அது உயர்ந்தது என்றும், வெளிர்ந்த கற்களை வாங்காமல் தவிர்க்க வேண்டும் என்றும் அதில் சொல்லப்பட்டிருந்ததை அப்படியே விட்டுவிட முடியவில்லை. திருகோணமலையில் நகைகளுக்குக் கல் பதிக்கும் தொழிலைப் பரம்பரையாகச் செய்துவரும் குடும்பத்தைச் சேர்ந்தவன் நான். இந்த எண்ணத்தை நம்பி மக்கள் வாங்கிவரும் கற்களை நாள்தோறும் கையில் எடுத்துப் பார்ப்பவன் என்பதால், இரத்தினக்கல்லின் நிறம் உண்மையில் எவ்வாறு மதிப்பிடப்படுகிறது என்பதைத் தங்கள் வாசகர்களுக்குச் சற்று விரிவாக எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

நிறக்கற்களை மதிப்பிடுவோர் நிறத்தை மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். கல் நீலமா, ஊதா கலந்த நீலமா, பச்சை கலந்த நீலமா என்பது நிறச்சாயல். அது எவ்வளவு வெளிர்ந்திருக்கிறது அல்லது இருண்டிருக்கிறது என்பது கடுமை. சாம்பலோ கபிலமோ கலக்காமல் அந்த நிறம் எவ்வளவு தூய்மையாகவும் உயிர்ப்பாகவும் தெரிகிறது என்பது செறிவு. ஜி.ஐ.ஏ. எனப்படும் அமெரிக்க இரத்தினவியல் நிறுவனத்தின் முறையில் நிறச்சாயல்கள் 31; கடுமை, நிறமற்ற நிலைக்கு 0 என்றும் கறுப்புக்கு 10 என்றும் படிவைத்து அளக்கப்படுகிறது; செறிவுக்கு 1 முதல் 6 வரை படிகள் உண்டு. நல்ல நீலக்கல் என்று உலகச் சந்தை ஏற்றுக்கொள்வது கடுமையில் ஐந்து, ஆறாம் படிகளில், அதாவது நடுத்தரத்திலிருந்து அதற்குச் சற்று மேல் வரை நிற்கும் கல்லைத்தான். அதற்கும் மேலே போனால் கடுமை கூடக்கூடச் செறிவு குறைகிறது. விலையும் அதனோடு இறங்குகிறது. வெள்ளை உடுப்புக்குப் போடும் சொட்டு நீலத்தை நீரில் விட்டுப் பார்த்தவர்களுக்கு இது புரியும்: முதற் சில துளிகளில் நீர் அழகிய நீலமாகும், அளவு மீறினால் வாளியின் அடி தெரியாத இருட்டுத்தான் மிஞ்சும்.

கடுமையே உயர்வு என்ற எண்ணம் நம் நாட்டுக் கற்களுக்கே கேடு செய்கிறது என்பதை இங்கு அழுத்திச் சொல்ல வேண்டும். இரத்தினபுரி, எலஹெர முதலிய இடங்களிலிருந்து கிடைக்கும் இலங்கை நீலக்கற்களில் இரும்பின் அளவு பொதுவாகக் குறைவு. ஆகவே அவை சற்று வெளிர்ந்தும் உள்ளிருந்து ஒளிவிடுவது போலவும் இருக்கும். எரிமலைப் பாறைகளிலிருந்து வரும் அவுஸ்திரேலிய, தாய்லாந்துக் கற்களில் இரும்பு மிகுதி. அவற்றுள் பல மை போல் இருண்டிருக்கும். வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு இருக்கும் 423 காரட் எடையுள்ள லோகன் நீலக்கல் இலங்கையிலிருந்து போனது. அதன் நிறம் மெல்லிய ஊதாச் சாயலுடன் கூடிய நடுத்தர நீலம். இந்நாட்டின் மிக விலையுயர்ந்த கற்களுள் ஒன்றான பத்மராகமோ (மாணிக்கத்தை அன்று, பத்பரட்சா எனப்படும் கல்லைச் சொல்கிறேன்), உலகின் முக்கிய ஆய்வுகூடங்கள் கூடி வகுத்துக்கொண்ட வரையறையின்படியே, இளஞ்சிவப்பும் செம்மஞ்சளும் மென்மையாகக் கலந்த வெளிர்நிறம் உடையதாகவும் செறிவு நடுத்தரத்தைத் தாண்டாததாகவும் இருக்க வேண்டும். வெளிர்வைக் குறையென்று சொல்லிவிட்டால் இந்தக் கற்களை எங்கே வைப்பது?

அடுத்ததாக வெளிச்சம். சென்ற மாதம் ஒரு தாயார், ஏழரைச் சனி நடக்கும் தம் மகனுக்காக வாங்கிய நீலக்கல்லை மோதிரத்தில் பதித்துத் தரும்படி கொண்டுவந்தார். மூன்று காரட்டுக்குச் சற்று மேற்பட்ட கல். வாங்கியது மாலை ஏழு மணிக்குப் பின், கண்ணாடிப் பெட்டியின் மேலிருந்த வெண்ணிற எல்.ஈ.டி. விளக்கின் கீழ். அங்கே அது மயில் கழுத்தைப் போல் மின்னியது என்றார். எங்கள் பட்டறை வாசலின் நிழலில் வெள்ளைத் தாளின் மேல் வைத்தபோது, நடுவில் ஒரு சிறு கீற்றைத் தவிர மற்ற இடமெல்லாம் கறுப்பாகவே தெரிந்தது. வீட்டில் மஞ்சள் மின்குமிழின் கீழ் அந்தக் கீற்றும் காணாமற்போனதாக அவரே சொன்னார். கல் இயற்கையானதுதான்; விற்றவரும் பொய் எதையும் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் அந்தத் தாயார் பணம் கொடுத்தது விளக்கின் நீலத்துக்கும் சேர்த்துத்தான்.

இதன் காரணம் எளிது. கல் தானாக நிறத்தை உண்டாக்குவதில்லை. தன்மேல் விழும் வெளிச்சத்தில் சில பகுதிகளை விழுங்கி மீதியைத் திருப்பித் தருகிறது. இழை மின்குமிழின் ஒளியில் சிவப்பும் மஞ்சளும் அதிகம், நீலம் குறைவு. ஆகையால் அதன் கீழ் மாணிக்கம் அழகு கூடும், நீலக்கல் சோர்ந்துபோகும். குளிர்ந்த வெண்மை தரும் எல்.ஈ.டி. விளக்குகளில் நீலப் பகுதி தனியாக எழும்பி நிற்பதால் நீலக்கல்லுக்கு அவை இல்லாத உயிரைக் கொடுக்கும். பகலில் பச்சையாகவும் இழைக்குமிழின் கீழ் சிவப்பாகவும் மாறும் அலெக்சாண்ட்ரைட் என்னும் கல் நம் நாட்டிலேயே கிடைக்கிறது. வெளிச்சம் மாறினால் நிறம் மாறும் என்பதற்கு அதைவிடக் கண்கூடான சான்று தேவையில்லை. ஆய்வுகூடங்கள் பகல் வெளிச்சத்தை ஒத்த நியம விளக்கின் கீழ், சாம்பல் நிறச் சூழலில் கல்லைப் பார்ப்பது இதனால்தான்.

நம்மிடம் அந்த விளக்கு இல்லாவிட்டாலும் பகல் இருக்கிறது. ஆனால் அதையும் பார்த்துப் பயன்படுத்த வேண்டும். வடக்குப் பக்க யன்னலின் வெளிச்சத்தில் கல்லைப் பார்க்க வேண்டும் என்று மேல்நாட்டுக் கைநூல்கள் சொல்வதை இங்கும் சிலர் அப்படியே திருப்பிச் சொல்கிறார்கள். அங்கே சூரியன் நண்பகலில் எப்போதும் தெற்கே நிற்பதால் வடக்கு வானம் சீராக இருக்கும். திருகோணமலை இருப்பது 8½ பாகை வட அகலக்கோட்டில். ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகற் சூரியன் நமக்கு வடக்கே போய்விடுகிறது. அந்த மாதங்களில் நமக்கு அமைதியான வெளிச்சம் தருவது தெற்கு வானமே. காலை ஒன்பதுக்கும் பிற்பகல் மூன்றுக்கும் இடையில், நேர் வெயில் படாத திறந்த நிழலே போதுமானது. நேர் வெயிலில் எந்த இருண்ட கல்லும் ஒரு கணம் நீலம் காட்டும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் உல்லாசப் பயணிகளுக்குக் கல் விற்கும் இடங்களில் நீலத் தார்ப்பாய்க்குக் கீழே தட்டை விரித்து வைத்திருப்பதைக் கண்டிருக்கிறேன். அந்த நிழலில் பார்த்தால் வெறும் கண்ணாடிக்கும் நீலம் ஏறும்.

கல்லைப் பார்க்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் மென்துணியால் துடைக்க வேண்டும். விரல் எண்ணெய் படிந்தாலே நிறம் மங்கும். பிறகு வெள்ளைத் தாளின் மேல் முகம் மேலே இருக்க வைத்து, மெல்ல அப்படியும் இப்படியும் சாய்க்க வேண்டும். நடுவில் நிறம் வெளுத்து, கீழே இருக்கும் எழுத்தை வாசிக்க முடிகிறதென்றால் அடிப்பக்கம் ஆழம் போதாமல் வெட்டப்பட்டிருக்கிறது. சாய்க்கும்போது பெரும்பகுதி கறுத்தே இருக்கிறதென்றால் கடுமை அளவு மீறியிருக்கிறது, அல்லது அடி தேவைக்கு மேல் ஆழமாக வெட்டப்பட்டிருக்கிறது. அடுத்து, வெள்ளைக் கோப்பையில் நீர் விட்டுக் கல்லை அதில் போட்டுப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். இலங்கைக் கற்கள் பலவற்றில் உடல் முழுதும் வெளுத்திருக்க, அடிமுனையில் மட்டும் நீலம் ஒரு பொட்டாகத் தங்கியிருக்கும். அந்தப் பொட்டிலிருந்து எழும் நிறம் முகமெல்லாம் பரவித் தெரியும்படி வெட்டுவது நம் நாட்டு வெட்டுத் தொழிலாளரின் அருமையான கைத்திறன். அதை ஏமாற்று என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஆனால் அத்தகைய கல்லைப் பிற்காலத்தில் மீண்டும் வெட்டக் கொடுத்தால் நிறம் போய்விடலாம் என்பதை வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும்.

நகையில் ஏற்கெனவே பதிக்கப்பட்ட கல்லுக்கு இந்தச் சோதனைகள் அரைகுறையாகவே பொருந்தும். அடி மூடிப் பதித்த பழைய நகைகளில் கல்லுக்குக் கீழே தகடு வைப்பது வழக்கம். கண்ணுக்குத் தெரியும் நிறத்தில் பாதி அந்தத் தகட்டினுடையதாகவே இருக்கலாம். அடி திறந்த பதிப்பிலும் மஞ்சள் தங்கம் வெளிர் நீலத்தைச் சற்றே பச்சையாக்கும். எனவே நிறத்தை மதிப்பிட்டு விலை பேச வேண்டியது கல் தனியாக இருக்கும்போதுதான்.

பார்ப்பவரின் கண்ணும் ஒரு கருவியே. நிறத்தை நினைவில் வைத்து மற்றொரு நாள் ஒப்பிட மனிதரால் இயலாது. வைரத்தின் நிறத்துக்கு டி முதல் இசட் வரை தரம் கொடுப்பவர்கள்கூட ஒப்பீட்டுக் கற்களை அருகில் வைத்துக்கொண்டே தரம் சொல்கிறார்கள். வயது ஏறும்போது கண்வில்லை மஞ்சளிப்பதால் நீலம் மங்கித் தெரியும். அனுபவம் மிக்க பெரியவர் ஒருவர் சொன்னாலும் வயதில் குறைந்த இன்னொரு கண்ணையும் துணைக்கு வைத்துக்கொள்வதே முறை. "ராயல் புளூ" போன்ற வணிகப் பெயர்களை ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி பயன்படுத்துகிறார்கள். சுவிட்சர்லாந்தின் இரு பெரும் ஆய்வுகூடங்களான குயூபெலினும் எஸ்.எஸ்.ஈ.எஃப்.உம் அந்தப் பெயருக்கு ஒரே அளவுகோலை வைத்துக்கொள்ள உடன்பட்டதே 2015இல்தான். அப்படியிருக்க, கடைக்காரர் வாயால் சொல்லும் பெயரை நம்பி விலை கொடுப்பது எவ்வாறு?

நிறம் எங்கிருந்து வந்தது என்பதும் மதிப்பீட்டின் ஒரு பகுதியே. நீலக்கல்லில் நீலத்தைத் தருவது மிகச் சிறிய அளவில் கலந்திருக்கும் இரும்பும் தைத்தேனியமும். நமது மாவட்டத்துப் புல்மோட்டைக் கடற்கரையில் கறுத்த மணலாகக் குவிந்து கிடக்கும் இல்மனைற் என்னும் கனிமத்தில் இருப்பவையும் இதே இரண்டு உலோகங்கள்தான். கெவுடா எனப்படும் பால் போன்ற மங்கல் கற்களை 1500 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கும்போது, உள்ளே இழைகளாக இருந்த தைத்தேனியம் கல்லில் கரைந்து இரும்போடு சேர்ந்து நீலத்தை உண்டாக்குகிறது. 1970களில் தாய்லாந்து வணிகர்கள் இந்தக் கெவுடாக் கற்களைக் குறைந்த விலைக்கு இங்கிருந்து வாங்கிப்போய் நீலக்கற்களாக்கி விற்றார்கள். சூடாக்கிய கல் போலியல்ல, அந்த நிறம் நிலையானது. ஆனால் சூடு காணாத கல் அதே நிறத்தில் இருந்தால் அதன் விலை வேறு. ஆகவே விற்பவர் அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆய்வுகூடத்தில் ஆக்கப்படும் செயற்கைக் கற்களோ பெரும்பாலும் கண்ணுக்குக் குறை தெரியாத சீரான நிறத்தில், மிக மலிவாகக் கிடைக்கின்றன. நிறம் அழகாக இருப்பது கல் இயற்கையானது என்பதற்குச் சான்றாகாது.

எங்கள் ஊர்க் கடைகளில் தங்கத்துக்கு எத்தனை காரட் தரம், எத்தனை கிராம், சேதாரம் எவ்வளவு, செய்கூலி எவ்வளவு என்று பற்றுச்சீட்டில் விரிவாக எழுதுகிறார்கள். கல்லுக்கு மட்டும் "நீலம் 1" என்ற ஒரே வரி. தங்கத்தைவிடக் கல்லின் விலை கூடியிருக்கும்போதும் அதே ஒரு வரிதான். நிறச்சாயல், கடுமை, செறிவு ஆகிய மூன்றையும் எளிய தமிழில் எழுதி, எந்த வெளிச்சத்தில் பார்த்தது, கல் சூடாக்கப்பட்டதா இல்லையா என்பதையும் சேர்த்துக் குறிக்க இன்னும் இரண்டு வரிகளே தேவை. உதாரணமாக, "சற்று ஊதா கலந்த நீலம், நடுத்தரக் கடுமை, நல்ல செறிவு, பகல் நிழலில் பார்த்தது, சூடாக்கியது" என்று எழுதிவிட்டால் பின்னர் வரும் பிணக்குகளில் பெரும்பாலானவை எழவே மாட்டா. பெரிய விலையுள்ள கல்லென்றால் கொழும்பிலுள்ள தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையின் ஆய்வுகூடத்தில் கொடுத்து அறிக்கை பெறலாம். சிறிய கல்லுக்காக அவ்வளவு தூரம் போய்வர வசதியில்லாத குடும்பங்களுக்குக் கடைக்காரர் எழுதிக் கையொப்பமிடும் இந்த இரண்டு வரிகளே பாதுகாப்பு.

சோதிடர்களிடமும் பணிவாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கல் அணியச் சொல்வது அவர்களின் துறை. அதில் நான் தலையிடவில்லை. ஆனால் "நல்ல கறுநீலமாகப் பார்த்து வாங்குங்கள்" என்று சொல்லி அனுப்பாமல், பகலில் பார்த்து வாங்குங்கள் என்று சொல்லி அனுப்பினால் எத்தனையோ குடும்பங்களின் பணம் வீணாகாமல் தப்பும். கல்லைக் கடைவாசலுக்குக் கொண்டுவந்து காட்டும்படி கேட்க வாங்குபவர்கள் கூச்சப்படத் தேவையில்லை. நேர்மையான வணிகர் எவரும் அதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

அந்தக் கட்டுரை வெளிவந்த அதே பக்கத்தில், கடுமை கூடிய கல்லே உயர்ந்தது என்ற கருத்துக்கு ஒரு திருத்தத்தை வெளியிடுமாறு தங்களை அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
கல் பதிக்கும் தொழிலாளி ஒருவர்,
திருகோணமலை.