காலண்டரை மாற்றாமல் கோச்சை மாற்றி என்ன பயன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 அக்டோபர் 14 அன்று கோவா மட்கானில் சிங்கப்பூரிடம் 2-1 என்று தோற்று, 2027 ஆசியக் கோப்பை கால்பந்து வாய்ப்பை இந்தியா கோட்டை விட்டது. வழக்கம்போல உருளுவது கோச்சின் தலைதான். இகோர் ஸ்டிமாச் 2024 ஜூனில் நீக்கப்பட்டார். மனோலோ மார்கெஸ் ஓராண்டு இருந்துவிட்டு விலகினார். 2025 ஆகஸ்டில் காலித் ஜமீல் வந்தார். பதினான்கு மாதத்தில் மூன்று பேர். இவர்களுக்குப் பயிற்சிக்கென்று எத்தனை நாள் கிடைத்தது என்று யாரும் கேட்பதில்லை.

ஃபிஃபாவின் சர்வதேச ஆட்ட இடைவெளி பொதுவாக ஒரு திங்களில் தொடங்கி அடுத்த வாரச் செவ்வாயில் முடியும். 9 நாள், 2 ஆட்டம். அந்த நாட்களுக்கு மட்டும்தான் கிளப்புகள் வீரர்களை அனுப்பியாக வேண்டும். ஞாயிறு இரவு லீக்கில் ஆடியவர் திங்கள் மாலை முகாமுக்கு வந்து சேர்வார். 90 நிமிடம் ஓடிய காலுக்குக் குறைந்தது 48 மணி நேரம் ஓய்வு வேண்டும் என்பதால், செவ்வாயன்று அவருக்கு மசாஜும் லேசான ஓட்டமும்தான். முதல் ஆட்டம் வியாழன் என்றால், புதன் அதற்கு முந்தைய நாள். ஒரு மணி நேரம் கார்னர், ஃப்ரீகிக் பார்ப்பதோடு சரி. அன்றைக்குப் போட்டுப் பிழிந்தால் வியாழன் 70ஆவது நிமிடத்தில் தொடைத்தசை பிடித்துக்கொள்ளும். அடுத்த ஆட்டம் வேறு நாட்டில் என்றால் வெள்ளிக்கிழமை விமானத்தில் போய்விடும். ஆக, பதினோரு பேரும் சேர்ந்து முழு வேகத்தில் பயிற்சி செய்வது இரண்டு முறை, மிஞ்சினால் மூன்று முறை. எதிரணியை எந்த இடத்தில் நெருக்குவது, பந்து பறிபோனால் யார் பின்னால் ஓடுவது என்பதை, ஆளுக்கொரு கிளப் பழக்கத்தோடு வரும் 23 பேருக்கு அதற்குள் பழக்க முடியுமா? தேசிய அணிகள் பின்களத்தில் கூட்டம் கூட்டி, கார்னர், ஃப்ரீகிக் போன்ற செட்பீஸில் கோலுக்குக் காத்திருப்பதைப் பயந்தாங்கொள்ளித்தனம் என்று திட்டுகிறோம். அந்த நேரத்தில் சொல்லித்தர முடிவது அவ்வளவுதான்.

இடைவெளிக்கு வெளியே என்றால் இன்னும் மோசம். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டுக்குக் கிளப்புகள் ஆள் தர இழுத்தடித்தன. முதல் நாள் இரவு போய் இறங்கிய அணி, மறுநாள் சீனாவிடம் 5-1 என்று உதை வாங்கியது.

ஜமீலுக்கு அந்த அக்டோபரில் வந்தது வேறு சிக்கல். நம் முதன்மை லீக்கான ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) தொடங்கவே இல்லை. உடல் தகுதியை முகாமில் ஏற்றிவிடலாம். ஆட்ட வேகத்தில் முடிவெடுக்கும் பழக்கம் போட்டியில்தான் வரும். அக்டோபர் 9 அன்று சிங்கப்பூரில், இரண்டாம் பாதி தொடங்கியதுமே தடுப்பாட்டக்காரர் சந்தேஷ் ஜிங்கன் சிவப்பு அட்டை வாங்கினார். பத்துப் பேராக ஆடி, ரஹீம் அலியின் 90ஆவது நிமிட கோலில் 1-1 என்று தப்பித்தார்கள். ஐந்து நாள் கழித்து மட்கானில் ஜிங்கனுக்குத் தடை. பின்களத்தின் நடுவில் நிற்கும் சென்டர் பேக் ஜோடியில் ஒருவர் பந்துக்குப் போனால் மற்றவர் பின்னால் அடைக்க வேண்டும். சேர்ந்து ஆடி ஆடித்தான் அது வரும். ஐந்து நாளில் புது ஜோடிக்கு வராது.

கோல் அடிக்க ஆளில்லை என்பதற்கும் கோச் பொறுப்பல்ல. ஐஎஸ்எல் கிளப்புகள் நடு ஸ்ட்ரைக்கர் இடத்தைப் பெரும்பாலும் வெளிநாட்டவருக்குக் கொடுத்துவிட்டு, நம் பையன்களை ஓரத்தில், விங்கில் நிறுத்துகின்றன. ஓய்வு பெற்ற சுனில் சேத்ரியை, 40 வயதில் திரும்பக் கூப்பிட்டது வேறு எதற்காக?

ஜமீலிடம் குறையே இல்லை என்று வாதாட வரவில்லை. முன்னிலை பெற்ற பிறகு சொந்த மண்ணில் 2 கோல் வாங்கியதற்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் தகுதிச்சுற்று ஆட்டத்துக்கு முந்தைய வார இறுதியில் லீக் ஆட்டம் வைக்காமல் விட்டாலே அடுத்து வருபவருக்கும் மூன்று நான்கு நாள் கூடுதலாகக் கிடைக்கும். ஒளிபரப்பு நிறுவனம் முணுமுணுக்கும், முணுமுணுக்கட்டும். அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் இதைக் கிளப்புகளிடம் எழுத்தில் வாங்கிய பிறகு, வேண்டுமானால் நான்காவது கோச்சைத் தேடட்டும்.

இப்படிக்கு,
கால்பந்து வாசகர் ஒருவர்,
வியாசர்பாடி, சென்னை