செயலாளர் ஆண்டறிக்கை: நம் மீனும் இயற்கைக் கதிரியக்கமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

படிப்பகம், மாணவர் பரிசளிப்பு, கடற்கரைத் துப்புரவு எல்லாம் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இவ்வாண்டு நம்மை அதிகம் அலைக்கழித்தது மீன் பற்றிய புரளிதான். "மணவாளக்குறிச்சி மணலில் கதிர்வீச்சு, அந்தப் பக்கத்து மீனை வாங்காதீர்கள்" என்று கைப்பேசிகளில் பரவிய செய்தியால், நம் பெண்கள் சந்தையில் இறக்கிய கூடைகள் விலைபோகாமல் திரும்பின. அந்த வேதனை எனக்கு இன்னும் ஆறவில்லை.

விளக்கக் கூட்டம் ஒன்று நடத்தினோம். இயற்பியல் பேராசிரியர் ஒருவர் பேசினார். நம் கருமணலின் மோனசைட் என்ற கனிமத்தில் உள்ள தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் கடல்நீரில் அரிதாகவே கரையும். உணவோடு போனாலும் குடல் அதைப் பெரும்பாலும் உறிஞ்சாது. மீன் வழியாக நமக்கு வரும் கதிரியக்கத்தில் பெரும்பங்கு பொலோனியம்-210 என்ற வேறொரு கதிரியக்கத் தனிமத்துடையது. யுரேனியம் படிப்படியாகச் சிதையும்போது பிறக்கும் அது எல்லாக் கடல்களிலும் இருக்கிறது. மீனின் சதையைவிட ஈரலிலும் குடலிலும் பல மடங்கு சேர்கிறது.

மீன் விற்கும் அக்கா ஒருவர் சாளையின் வயிற்றைக் கட்டைவிரலால் கீறி, கறுத்த குடலை இலையில் வழித்துவைத்து, "இதுவா மக்களே?" என்று கேட்டார். அதுவேதான். சாளையில் அதை எறிந்துவிடுகிறோம்; சிப்பியையும் பொடி நெத்தோலியையும் முழுதாகத் தின்கிறோம். அவற்றில் அளவு கூடுதல். வேகவைத்தாலும் பொரித்தாலும் கதிரியக்கம் அழியாது. 138 நாளில் பொலோனியம் பாதியாகும் என்பதால் நாள்பட்ட கருவாட்டில் குறையும்.

இயற்கையிலிருந்து மனிதர் ஆண்டுக்குப் பெறுவது உலகச் சராசரியில் 2.4 மில்லிசீவர்ட் (உடல் பெறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு), அதில் உணவின் பங்கு ஏறத்தாழ 0.3. மீனும் சிப்பியும் மிகுதியாக உண்போருக்கு இது கூடும். அதனால் வரும் புற்றுநோய் ஆபத்து மிகச் சிறியது. மீனை விட்டால் இழக்கும் சத்து அதைவிடப் பெரிது என்பதே என் துணிபு. கருமணல்மேல் குடியிருப்போர் பெறும் கதிர்வீச்சு தனிக் கேள்வி, கேட்கவேண்டிய கேள்வியும்கூட. அதை மீன்கூடையில் ஏற்றுவது அநியாயம்.

சிப்பி, சாளை, நெத்தோலி மூன்றையும் நம் கரையிலேயே மாதிரி எடுத்து அளந்து, முடிவைத் தமிழில் ஏலக்கூடத்தில் ஒட்டவேண்டும் என்று உரிய அலுவலகத்தில் மனு கொடுத்தோம். பதில் வரவில்லை. நினைவூட்டு மனு அனுப்ப இப்பொதுக்குழு தீர்மானம் நிறைவேற்றித் தருமாறு வேண்டி, அறிக்கையை உங்கள் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்