வெளிநாட்டுப் பணி: வழக்கம் வேறு, விதி வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

பிற நாட்டினரோடு சேர்ந்து வேலை செய்வது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, எப்படி வணங்குவது, பொருளை எந்தக் கையால் தருவது, விருந்தில் எங்கே உட்காருவது என்று நிறையச் சொன்னது. பயனுள்ளதுதான். இவற்றில் தவறினால்கூட, புதியவர் என்று பொறுத்துக்கொள்வார்கள். சட்டத்தில் தவறினால் அப்படியில்லை. வெளியிலிருந்து வந்தவர் வேலை முடிந்ததும் விமானம் ஏறிவிடுவார். படிவத்தில் கையெழுத்திட்ட உள்ளூர் ஊழியர்தான் விசாரணைக்குப் போய் நிற்பார். கட்டுரை தொடாமல் விட்ட இந்தப் பக்கத்தைப் பற்றியே எழுதுகிறேன்.

சுங்கத்தில் சரக்கை விடுவிக்கவோ அனுமதி வாங்கவோ போனால், "இங்கே இதுதான் வழக்கம், கொஞ்சம் கவனிக்க வேண்டும்" என்று முகவர் சொல்வார். உள்ளூர்ப் பண்பாட்டை மதிப்பதாக எண்ணியே பலர் உடன்படுகிறார்கள். உண்மையில் அது அந்த நாட்டின் சட்டத்தை அவமதிப்பது. 2003இல் ஏற்கப்பட்ட ஐ.நா. ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கையில் உலகின் பெரும்பாலான நாடுகள் சேர்ந்திருக்கின்றன. அரசு ஊழியர் லஞ்சம் வாங்குவதைக் குற்றமாக்க வேண்டும் என்பது அதன் கட்டாய விதிகளில் ஒன்று. அமெரிக்காவின் 1977ஆம் ஆண்டு வெளிநாட்டு ஊழல் தடுப்புச் சட்டத்தில், கொடுத்த பணம் அந்த நாட்டில் சட்டப்படி செல்லும் என்று வாதாட இடம் உண்டு. ஆனால் அந்த நாட்டின் எழுதப்பட்ட சட்டத்தைக் காட்ட வேண்டும். வழக்கத்தைக் காட்டித் தப்ப முடியாது. வழக்கமான அலுவலக வேலையை விரைவுபடுத்தத் தரும் சிறு தொகைக்கு அந்தச் சட்டம் விலக்கு அளிக்கிறது. பிரிட்டனின் 2010ஆம் ஆண்டு லஞ்சச் சட்டத்தில் அந்த விலக்கும் கிடையாது. லஞ்சம் ஏதோ சில நாடுகளின் பண்பாடு என்று பேசுவோர் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கட்டும்: வெளிநாட்டு அதிகாரிகளுக்குக் கொடுத்த லஞ்சத்தைச் செலவாகக் காட்டி வரிக்கழிவு பெற ஜெர்மனியில் 1999 வரை வழி இருந்தது.

இந்தத் தவறு பெரும்பாலும் தொடங்குவது தலைமை அலுவலகத்தின் கால அட்டவணையில். நான்கு வாரம் பிடிக்கும் அனுமதிக்கு இரண்டு வாரம் ஒதுக்கிவிட்டு, "எப்படியாவது முடியுங்கள்" என்று எழுதினால், களத்தில் இருப்பவருக்கு வேறு என்ன வழி? திட்டமிடும் கட்டத்திலேயே அனுமதி தரும் அலுவலகத்தின் அறிவிக்கப்பட்ட கட்டணப் பட்டியலையும் வழக்கமாகப் பிடிக்கும் நாட்களையும் கேட்டு வாங்க வேண்டும். அதற்கு மேல் யாராவது பணம் கேட்டால், எந்த விதியின் கீழ் என்றும், அரசு ரசீது கிடைக்குமா என்றும் கேட்க வேண்டும். விரைவுக் கட்டணம் சட்டப்படி இருந்தால் ரசீது வரும். உயிருக்கோ உடலுக்கோ மிரட்டல் இருந்தால் பணத்தைக் கொடுத்துவிட வேண்டும். உடனே தொகை, இடம், நேரம் எல்லாவற்றையும் எழுதி மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். முகவருக்கான ஒப்பந்தத்தில் "இதர செலவு" என்ற வரியே இருக்கக் கூடாது. லஞ்சம் ஒளிந்துகொள்ள அதைவிட வசதியான இடம் இல்லை.

பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வதும் இதே கதைதான். வழக்கம் என்பார்கள். கத்தாரின் 2015ஆம் ஆண்டின் 21ஆம் எண் சட்டம் அதைத் தடை செய்து அபராதமும் விதிக்கிறது. கட்டாய உழைப்பின் அடையாளங்களாகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு பட்டியலிட்ட பதினொன்றில், அடையாள ஆவணங்களைப் பிடித்து வைப்பதும் ஒன்று.

வேலை நேரத்தில் நடக்கும் அநியாயம் இன்னும் அமைதியாக நடக்கிறது. தலைமை அலுவலகத்தின் நாட்காட்டியை எல்லோர் தலையிலும் கட்டிவிடுகிறார்கள். தொழில் நிறுவனங்களில் வார ஓய்வு குறித்த, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1921ஆம் ஆண்டு 14ஆம் உடன்படிக்கையே, ஏழு நாளில் தொடர்ந்து 24 மணி நேர ஓய்வு வேண்டும், அது இயன்றவரை அந்த நாட்டின் மரபுப்படி அமைந்த நாளாகவே இருக்க வேண்டும் என்கிறது. நூறாண்டு கடந்தும், வெள்ளிக்கிழமை விடுமுறை உள்ள நாட்டவரை அன்றே கூட்டத்துக்கு அழைப்பது நிற்கவில்லை. பிரான்சில் 2017 முதல், குறைந்தது 50 பேர் பணிபுரியும் நிறுவனங்கள், பணி நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை பற்றி ஊழியர் தரப்போடு பேசியாக வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் இதைப் போன்ற உரிமை நடைமுறைக்கு வந்தது. இரவு பதினொரு மணிக்கு வரும் "அவசரம்" அங்கே சட்டச் சிக்கலாகலாம்.

இரு அலுவலகங்களுக்கு இடையே ஒன்பது மணி நேர வேறுபாடு இருந்தால் யாராவது ஒருவர் தூக்கத்தை விட்டே ஆக வேண்டும். எப்போதும் ஒரே தரப்பு விடக் கூடாது. கூட்ட நேரத்தை மாதந்தோறும் மாற்றிப் போடுங்கள். கடிகாரத்தை மாற்றும் நாடுகள் ஒரே நாளில் மாற்றுவதும் இல்லை. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறு, ஐரோப்பிய ஒன்றியம் மார்ச் கடைசி ஞாயிறு. இடைப்பட்ட இரண்டு மூன்று வாரங்களுக்கு இடைவெளி ஒரு மணி நேரம் நகர்ந்திருக்கும். நேரத்தை எந்த ஊர்க் கணக்கில் குறித்திருக்கிறோம் என்று அழைப்பில் எழுதாவிட்டால் பாதிப் பேர் வந்து காத்திருப்பார்கள். தேதியிலும் மாதத்தை எழுத்தால் எழுதுங்கள். 03/04 என்பது ஒருவருக்கு ஏப்ரல், மற்றவருக்கு மார்ச்.

உள்ளூர்ச் சட்டம் குறைவாகக் கேட்கும் இடத்தில் என்ன செய்வது? புற்றுநோய் தரும் நாரான ஆஸ்பெஸ்டாஸ், ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் தடை செய்தும், இன்னும் பல நாடுகளில் சட்டப்படியே புழங்குகிறது. சொந்த நாட்டில் தொடவிடாத பொருளை அடுத்த நாட்டுத் தொழிலாளியின் கையில் கொடுத்துவிட்டு, உள்ளூர் விதியை மதித்தோம் என்பது நேர்மையில்லை. உயிர்ப் பாதுகாப்பில் இரண்டு விதிகளில் எது கடுமையோ அதையே எடுக்க வேண்டும். ஒன்று மற்றொன்றைத் தடுக்காதவரை இதில் முரண்பாடே கிடையாது.

ஊதியத்திலும் இதே நேர்மை வேண்டும். இடம்பெயர்ந்து வந்தவருக்கு வீட்டு வாடகை, குழந்தைகளின் படிப்பு என்று கூடுதல் செலவு இருப்பது நியாயம். அதைத் தனிப் படியாகக் காட்டட்டும். ஒரே வேலைக்கு அடிப்படைச் சம்பளம் ஒரே அளவுகோலில் இருக்கட்டும். வேறு உறுப்பு நாட்டிலிருந்து அனுப்பப்பட்ட தொழிலாளருக்கும் உள்ளூரில் கட்டாயமான ஊதிய விதிகள் பொருந்த வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் திருத்திய விதி, 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது.

ஒப்பந்தம் எழுதும்போது ஒன்று. இந்தோனேசியாவின் 2009ஆம் ஆண்டு மொழிச் சட்டம், உள்நாட்டுத் தரப்பு இருக்கும் ஒப்பந்தத்தில் இந்தோனேசிய மொழியும் வேண்டும் என்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் எழுதிய கடன் ஒப்பந்தம் ஒன்றை அந்நாட்டு நீதிமன்றம் 2013இல் செல்லாது என்று அறிவித்தது. ஆகவே கையெழுத்துக்கு முன்பே, எந்தெந்த மொழியில் இருக்க வேண்டும், முரண்பட்டால் எந்த மொழி செல்லும் என்று உள்ளூர் வழக்கறிஞரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்